செட்டிநாட்டு வீட்டுச் சாமானும் சென்னை ஸ்டோரேஜ் அறையும்: எதை அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம் பக்கம் வீடு வைத்துக்கொண்டு சென்னையிலோ சிங்கப்பூரிலோ குடியிருப்பவர்கள் பலர் இப்போது விசாரிப்பது செல்ஃப் ஸ்டோரேஜ், அதாவது வாடகைக்குச் சாமான் வைக்கும் இடம். இரண்டாங்கட்டு ஒழுகுகிறது, பங்காளி ஒருவர் தன் பங்கை ஹோட்டலுக்கு விடப்போகிறார், வீட்டைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு வயதாகிவிட்டது. காரணம் எதுவானாலும் சாமானை எங்காவது வைத்தாக வேண்டும். அந்தச் சாமானை மனத்தில் வைத்து இந்தச் சேவையை எடைபோட்டால் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. பட்டு, போட்டோ, பழைய கணக்குப் புத்தகம், சின்னப் படங்கள் ஆகியவற்றுக்கு ஏசி உள்ள சிறிய யூனிட் நல்ல செலவு. தேக்கு, பித்தளை, பீங்கான், எனாமல் ஆகியவற்றை மூட்டை கட்டிச் சுமார் 400 கிலோமீட்டர் கொண்டுபோய், கடலோர ஊரில் தகரக்கூரைக்கு அடியில் வைத்தால் காசும் போகும், சாமானும் கெடும்.

இந்தச் சேவை இரண்டு விதமாகக் கிடைக்கிறது. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், அதனால் போன் செய்ததும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஒன்றில் ஷட்டரோ கதவோ போட்ட தனி அறை தருவார்கள். பூட்டு உங்களுடையது, சாவி உங்களிடம், வேலை நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் போய்த் திறக்கலாம். இன்னொன்றில் அவர்களே வண்டியோடு வந்து கட்டி எடுத்துப்போய், நகருக்கு வெளியே உள்ள பெரிய கிடங்கில் மற்றவர் சாமான்களோடு பேலட் மேல் அடுக்கிவைப்பார்கள். இதில் ஒரு குத்துவிளக்கு வேண்டுமென்றாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், எடுத்துத் தரத் தனிக் கட்டணமும் உண்டு. பிளாட் மாறும்போது சோபாவையும் வாஷிங் மெஷினையும் ஆறு மாதம் வைக்க இரண்டாவது வகை போதும். ஊர் வீட்டுச் சாமானுக்கு அது சரிவராது. பொங்கல், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு), கோயில் திருவிழா, கல்யாணம் என்று ஏதோ ஒன்றுக்கு ஏதோ ஒன்று கேட்டு வந்துகொண்டே இருக்கும். தவிர, மாதக்கணக்கில் யாரும் திறந்து பார்க்காத பட்டும் மரமும் தங்காது.

அறையின் அளவை அடியில் சொல்வார்கள்: 5க்கு 5, 5க்கு 10, 10க்கு 10. சிலர் சதுர அடிக்கு வாடகை போடுவார்கள், சிலர் கன அடிக்கு. கன அடிக் கணக்கில் உயரத்தையும் சேர்த்துத்தான் காசு. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றமுடியாத சாமான் வைத்திருப்பவருக்கு அது நஷ்டம், ஏனென்றால் மேல்பாதி காலியாகவே கிடக்கும். பட்டும் படமும் பேப்பரும் மட்டும் என்றால் 5க்கு 5 தாராளம். இரண்டு இரும்பு ராக், நடுவில் ஆள் நிற்க இடம், அவ்வளவுதான். முழு அறையையும் கூரைவரை அடைத்துவிட்டு "இடம் மிச்சம்" என்று சந்தோஷப்படுபவர்கள், பின்சுவரோரம் இருப்பதை எடுக்க எல்லாவற்றையும் வெளியே இறக்க வேண்டிவரும்.

இதே வேலைக்காகத்தான் வளவு வீட்டைக் கட்டினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். முற்றத்தைச் சுற்றி அறைகள், கல்யாணமான மகன் ஒவ்வொருவரின் குடும்பமும் ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு இத்தனை என்று பங்கு. பகலில் ஆள் புழங்குவது முகப்பிலும் பத்தி என்கிற தாழ்வாரத்திலும் முற்றத்திலும். அறை பெரும்பாலும் சீர் சாமானைப் பூட்டிவைக்க. தெருவைவிட நன்றாக உயர்த்திய தளம், அதனால் மழைத்தண்ணீர் உள்ளே வராது. கூரையில் விழுவது வடிகால் வழியே ஊருணிக்குப் போய்விடும். வாசலிலிருந்து கொல்லைவரை கதவுகள் ஒரே நேர்கோட்டில், அதனால் காற்று நிற்காமல் ஓடும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் ஈரத்தை வாங்கும், காய்ந்த நாளில் வெளியே விடும். அறைக்குள் ஈரப்பதம் ஒரேயடியாக ஏறி இறங்காமல் இருப்பதற்குச் சுவரே பாதிக் காரணம். இந்தச் சுவரில் ஒழுகல் தெரிகிறது என்று சிமென்ட் பூசி மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தவர்கள் வீட்டில்தான் சுவரோடு ஒட்டிய பீரோவின் முதுகு பூசணம் பிடிக்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் வந்து உடைந்த ஓட்டை மாற்றித் தராது.

சென்னையின் பிரச்சினை ஈரக்காற்று. செட்டிநாடு வறண்ட பூமி. வடகிழக்குப் பருவமழை வாரங்களை விட்டால் வெயில்தான். சென்னைக் காற்றில் ஈரம் ஆண்டு முழுவதும் இருக்கிறது, உப்பும் சேர்ந்துகொள்கிறது. மரம், துணி, காகிதம் மூன்றுக்கும் ஈரப்பதம் 45இலிருந்து 55 சதவீதத்துக்குள் இருந்தால் உத்தமம். 65ஐத் தாண்டிச் சில நாள் நின்றாலே பூசணத்துக்கு வழி திறந்துவிடும். ஏசி இல்லாத யூனிட்டில் இதைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை. "வென்டிலேஷன் உண்டு சார்" என்பார்கள். வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது வென்டிலேஷன் அந்த ஈரத்தைத்தான் உள்ளே கொண்டுவரும். ஏசி யூனிட் என்றாலும் இரவிலும் ஞாயிறிலும் ஓடுகிறதா என்று கேளுங்கள். பகலில் மட்டும் ஓடி இரவில் அணைத்தால், குளிர்ந்த கண்ணாடியிலும் உலோகத்திலும் வியர்வை பூக்கும். அது ஏசியே இல்லாததைவிட மோசம். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும் மாடலாக வாங்கி, முன்பணம் கொடுக்கும் முன் ஒரு நாள் அந்த யூனிட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வைக்க விடமாட்டேன் என்றால் அதுவே பதில்.

வெள்ளமும் உண்டு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற பகுதி எவை என்று சென்னையில் எல்லோருக்கும் தெரியும். கிடங்குகள் வாடகை மலிவான தாழ்ந்த இடங்களில்தான் அதிகம். தரைத்தளம் வேண்டாம், பேஸ்மென்ட் வேண்டவே வேண்டாம். மாடி என்றால் அடுத்த கேள்வி லிஃப்ட். சரக்கு லிஃப்ட்டின் கதவு உயரத்தையும் உள்நீளத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மேல்மாடியாக இருந்து அதற்கும் மேலே வெறும் தகரம் என்றால் சித்திரை வெயிலில் உள்ளே அடுப்புதான். தீயணைப்புத் துறை சான்றிதழ் இருக்கிறதா, தண்ணீர் தெளிப்பான் உண்டா, சுவரில் மாட்டிய சிலிண்டர் மட்டுமா என்பதையும் அதே நடையில் பார்த்துவிடலாம்.

இனிச் சாமான். தேக்குப் பீரோ, கட்டில், நாற்காலியை பேக்கர்ஸ் ஆட்கள் கட்டும் விதம் எங்கும் ஒன்றுதான்: அட்டை சுற்றி, அதன்மேல் ஸ்ட்ரெச் ஃபிலிம் என்கிற நெகிழித்தாளைப் பத்துச் சுற்று இறுக்கிவிடுவார்கள். லாரிப் பயணத்துக்கு அது நல்லது. யூனிட்டில் இறக்கிய பிறகும் அப்படியே விட்டுவிடுவதுதான் கெடுதல். மரத்தில் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பாலிஷுக்கு அடியில் வெள்ளைத் திட்டாகப் பூக்கும். பிறகு முழுக்கச் சுரண்டி மறுபாலிஷ் போட வேண்டியதுதான். இறக்கிய அன்றே நெகிழியை அறுத்தெடுத்துவிட்டுப் பழைய பருத்தி வேட்டியால் மூட வேண்டும். பர்மாத் தேக்கின் வயிரப்பகுதியைக் கரையான் லேசில் தொடாது. ஆனால் பீரோவின் முதுகுப் பலகை, இழுப்பறையின் அடிப்பலகை ஆகியவை பல வீடுகளில் பிற்காலத்தில் வேறு மரத்தில் மாற்றப்பட்டவை. உளுப்பது அவைதான். கீழே மாவுபோல் தூள் கொட்டியிருந்தால் அந்தச் சாமானைத் தனியே நிறுத்தி மருந்தடித்த பிறகே மற்றதோடு சேர்க்கலாம். ஒரு உளுத்த பலகை போதும், யூனிட் முழுக்கப் பரவ.

பழைய கட்டில்களைக் கழற்றும்போது ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைச் சாக்பீஸால் எழுதுங்கள். ஆப்பு வைத்து இறுக்கியவை, போல்ட் போட்டவை இரண்டும் கலந்திருக்கும். ஆப்புகளைத் துணிப்பையில் போட்டு அந்தக் கட்டிலின் காலிலேயே கட்டிவிட வேண்டும். எல்லா ஆப்பையும் ஒரே டப்பாவில் போட்டால் திரும்பப் பூட்டும் தச்சருக்குக் கூலி இரட்டிப்பாகும், ஏனென்றால் ஒவ்வோர் ஆப்பும் அந்தத் துளைக்கென்று செதுக்கியது. ஊஞ்சல் பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளையும். படுக்கவைத்து, இரண்டு முனையிலும் நடுவிலுமாக மூன்று இடத்தில் ஒரே உயரக் கட்டை கொடுங்கள்.

பெல்ஜியம் கண்ணாடிக்கு நேர் எதிர் விதி: படுக்கவே கூடாது, நிற்க வேண்டும். கீழே இரண்டு ரீப்பர் கட்டை, அதன்மேல் கம்பளித் துண்டு. ரசம் முதலில் கறுப்பது கீழ் விளிம்பில்தான், தரையின் ஈரத்தை அதுதான் வாங்குகிறது. கண்ணாடி முகத்தில் குமிழித்தாள் நேரே படக்கூடாது, மாதக்கணக்கில் கிடந்தால் வட்ட வட்டமாகத் தடம் விழும். தஞ்சாவூர் ஓவியத்துக்கு இது இன்னும் கண்டிப்பு. பலகை, துணி, சுண்ணப் பூச்சு, அதன்மேல் தங்கத்தாள் என்று அடுக்கடுக்காக இருப்பதால் ஒவ்வோர் அடுக்கும் ஈரத்துக்கு வேறுவேறு அளவில் விரியும், சுருங்கும். விரிசலும் உரிதலும் அதனால்தான். ஏசி யூனிட்டுக்கு வாடகை கொடுக்கத் தகுதியானவற்றில் முதலிடம் இதற்கு.

பித்தளையும் வெண்கலமும் எளிதில் சாகாது. பெரும்பாலும் சுத்தம் செய்து வைக்கும் விதத்தில்தான் கெடுகிறது. புளி போட்டுத் தேய்த்தபின் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் வைத்து, விளிம்பு மடிப்புக்குள் இருக்கும் ஈரமும் போகக் காயவிட வேண்டும். புளிப்பு மிச்சமிருந்தால் ஒரே மாதத்தில் பச்சை பிடிக்கும். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், தாளே ஈரத்தை இழுக்கும், மையும் ஒட்டும். தவலைக்குள் தவலை போடும்போது நடுவில் மடித்த துணி வையுங்கள். இல்லையென்றால் ஒன்றுக்குள் ஒன்று இறுகி, எடுப்பதற்குள் நசுங்கிவிடும். எனாமல் பாத்திரத்தில் இந்தத் துணி இன்னும் முக்கியம், ஒரு சில்லு பெயர்ந்தால் அந்த இடத்தில் துரு உள்ளே போகத் தொடங்கும். மேலும் அண்டா, கிடாரம் போன்றவற்றை யூனிட்டில் வைப்பது காற்றுக்கு வாடகை கொடுப்பது. நூறு பேருக்குச் சோறு வடிக்கும் பாத்திரத்துக்குள் இருப்பதெல்லாம் காலி இடம்தானே. காரைக்குடியில் விசேஷத்துக்குப் பாத்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது, உங்கள் அண்டாவை அதற்காகச் சென்னையிலிருந்து திரும்ப ஏற்றிவர யாரும் போவதில்லை.

பர்மாவிலிருந்து வந்த மரவைகளுக்கு, அதாவது அரக்குப் பூசிய பாத்திரங்களுக்கு, ஆகாதது சூடு. தகரக்கூரை யூனிட்டில் கோடையில் அரக்குப் பூச்சு கெடும், ஏசியை மிகக் குறைத்து வைத்தால் காய்ந்து வெடிக்கும். எண்ணெய் தடவும் பழக்கம் சிலரிடம் உண்டு. தூசியைப் பிடித்துவைப்பதைத் தவிர அதனால் பயனில்லை. லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

பட்டுப் புடவையை மல் துணியில் சுற்றி, சரிகை உள்பக்கம் வர மடித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். யூனிட் வீட்டுக்குப் பக்கத்தில் இல்லையென்றால் இது நடக்காது, நடக்காவிட்டால் மடிப்போடு கிழியும். ரசகற்பூர உருண்டையைத் துணியின்மேல் போட்டால் சரிகை மங்கும். அதற்குப் பதில் வசம்புத் துண்டுகளை முடிச்சாகக் கட்டி மூலையில் வைக்கலாம். ஓலைச்சுவடி இருந்தால் ஏட்டுக்குப் புல்தைலம் தடவிச் சிவப்புத் துணியில் கட்டிவைப்பது சுவடி நூலகங்களில் உள்ள வழக்கம். காகிதப் பேரேட்டுக்கு அது கூடாது, எண்ணெய்க் கறை போகாது. சிலிக்கா ஜெல் போடுவதானால் மூடி இறுகும் பெட்டிக்குள் மட்டும் போடுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் அது குடித்து முடித்துவிட்டது என்று பொருள். ஓவனில் 120 டிகிரி சூட்டில் காயவைத்தால் மறுபடி நீலமாகும். திறந்த அறையில் நாலு பாக்கெட் தொங்கவிடுவது சாஸ்திரத்துக்கு.

வெள்ளிக்கும் நகைக்கும் இந்தச் சேவையில் இடமே இல்லை. நகை, பணம், பத்திரம், எளிதில் தீப்பற்றும் பொருள், காஸ் சிலிண்டர், உணவுப்பொருள் ஆகியவற்றை வைக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் வழக்கமாக எழுதியிருக்கும். வைத்துத் தொலைந்தால் கேட்கவும் முடியாது. வங்கி லாக்கர்தான் வழி. அங்கேயும் ரிசர்வ் வங்கியின் 2021 விதிப்படி தீ, திருட்டு போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்குவரைதான். மழை வெள்ளம், இடி போன்ற இயற்கைச் சேதத்துக்கு அந்தப் பொறுப்பும் பொதுவாகக் கிடையாது.

செலவுக் கணக்கில் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். உதாரணத்துக்கு மாதம் 5,000 ரூபாய் என்று பேசினால் கையை விட்டுப் போவது 5,900, ஆண்டுக்கு 70,800, ஐந்து ஆண்டில் 3,54,000. லாரிக்கூலி, கட்டுக்கூலி, இன்சூரன்ஸ், வருடாவருடம் ஏற்றும் வாடகை எல்லாம் இதற்கு வெளியே. அதே பணத்தில் ஊர் வீட்டில் ஒரு அறையின் ஓட்டைப் பிரித்து, கைமரம் மாற்றி, மறுபடி மேய்ந்துவிடலாம் என்பது காரைக்குடிக் கொத்தனாரிடம் ஒரு மதிப்பீடு வாங்கினாலே தெரிந்துவிடும். முதல் மாதம் பாதி வாடகை என்ற சலுகைக்காக யூனிட் எடுப்பவர்களில் பலர் வைத்த சாமானைச் சீக்கிரம் திருப்பிக் கொண்டுபோவதில்லை. சேவை நடத்துபவர்களின் லாபக் கணக்கும் அதை நம்பித்தான் நிற்கிறது.

ஒப்பந்தத்தில் படிக்க வேண்டிய இடம் ஒன்று. தனி அறை தரும் வகையில் பெரும்பாலும் "இடத்தைப் பயன்படுத்த லைசன்ஸ்" என்றே எழுதுவார்கள். அதாவது சாமான் அவர்கள் காவலில் இல்லை, எலி கடித்தாலும் ஒழுகினாலும் உங்கள் பாடு. எடுத்துப்போய் வைக்கும் வகையில் சாமானை அவர்கள் கையில் ஒப்படைக்கிறீர்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி, விவரமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்காவது அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸைத் தனியே எடுப்பதானால் பழம்பொருளுக்கு எந்த மதிப்பில் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். "உபயோகித்த மரச்சாமான்" என்று தேய்மானம் போட்டால் நூறு வருடத் தேக்குக்குக் கிடைப்பது விறகு விலை. வாடகை எத்தனை மாதம் பாக்கி விழுந்தால் பூட்டை உடைத்து விற்கலாம் என்ற பிரிவும் இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் மின்னஞ்சல் முகவரி மாறினால் அன்றே தெரிவிக்க வேண்டும்.

பொதுச் சாமான் என்றால் ஒப்பந்தத்தை ஒருவர் பெயரில் போடாதீர்கள். இரண்டு பங்காளிகள் பெயராவது இருக்கட்டும். ஊரில் வளவு அறைக்குச் சாவி யாரிடம் என்பது எல்லோருக்கும் தெரியும், சென்னையில் அந்தச் சாட்சி கிடையாது. ஒவ்வொரு சாமானுக்கும் எண், அளவு, அடியிலும் பின்னாலும் எடுத்த படம், அதில் பெயர் வெட்டியிருந்தால் அதன் படம், எல்லாப் புள்ளிகளின் கையெழுத்து. பாத்திரத்தில் பெயர் வெட்டும் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கிறது.

லாரியில் ஏற்றும்போது வீட்டில் புழங்கிய சாமானுக்கு இ-வே பில் என்கிற ஜிஎஸ்டி சரக்குச் சீட்டு தேவையில்லை. "விற்பனைக்கு அல்ல, உபயோகித்த வீட்டுச் சாமான்" என்று எழுதிக் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்றை டிரைவரிடம் கொடுத்துவிட்டால் வழியில் நிறுத்தினாலும் பேச்சு நீளாது. சென்னையில் வைத்துப் பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்ற நினைப்பு இருந்தால் ஒரு எச்சரிக்கை. 1972ஆம் ஆண்டு பழம்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டே வரம்பு. பழைய உலோகச் சிலை, மரச்சிற்பம், ஓவியம் போன்றவற்றை வீட்டில் வைத்திருக்கவே தொல்லியல் துறையில் பதிவு வேண்டும், வேறொருவர் கைக்கு மாற்றினால் தெரிவிக்கவும் வேண்டும்.

ஊரிலேயே வைப்பவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை, தவறாமல் செய்ய வேண்டும். ஐப்பசி மழைக்கு முன், ஆவணி முடிவதற்குள் ஓட்டுக்காரரை ஏற்றி, நகர்ந்த ஓடுகளைச் சரிசெய்து, கூரைத் தாழ்வாரத்துத் தகரத்தில் சேர்ந்த சருகை வாரச் சொல்லுங்கள். குரங்கு ஓடும் தெருவானால் மழைக்கு நடுவிலும் ஒருமுறை. எல்லாச் சாமானும் தரையிலிருந்து நாலு அங்குலம் மேலே, சுவரிலிருந்து அரை அடி தள்ளி. கரையான் மண்கோடு போடுவது கண்ணில் படவே இந்த இடைவெளி. கரையானுக்குத் துளை போட்டு மருந்து ஏற்றுபவர்கள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் நடுவில் டிரில் வைக்கப் பார்ப்பார்கள். வெளிச்சுவரின் அடியோரமாகப் போடச் சொல்லுங்கள், உடைந்த கல்லுக்கு அதே நிறத்தில் ஜோடி கிடைக்காது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மழையில்லாத நாளில், காலை வெயில் ஏறியபின் இரண்டு மணி நேரம் அறைக் கதவையும் எதிர்க் கதவையும் திறந்துவைக்க ஒரு ஆள் வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம் பேசி, திறந்த அன்று முற்றத்திலிருந்து அறைக்குள் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். படத்தில் கூரையும் தெரிய வேண்டும், தரை மட்டும் தெரிந்தால் ஒழுகல் தெரியாது.